முள் பொய் சொன்னால் மீட்டரையே மாற்ற வேண்டுமா? பழைய கார் டேஷ்போர்டுக்குள் நடப்பது என்ன?

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி திருச்சி நோக்கி இரவில் போய்க்கொண்டிருக்கிறது பதினேழு வயதான ஒரு கார். பின்சீட்டில் குழந்தைகள் தூக்கம். ஏசி நன்றாகவே ஓடுகிறது. திடீரென டெம்பரேச்சர் முள் ‘ஹெச்’ பக்கம் எகிறுகிறது. பதறிப்போய் ஓரங்கட்டி பானட்டைத் திறந்தால் ஆவி இல்லை, கொதிக்கும் வாசனை இல்லை, கூலன்ட் அளவும் சரியாக இருக்கிறது. பத்து நிமிடம் காத்திருந்து சாவியைத் திருப்பினால் முள் சாதுவாக நடுவில் நிற்கிறது. அப்பாடா என்று கிளம்பினால், இப்போது பெட்ரோல் முள்ளும் அதோடு சேர்ந்து ஆட ஆரம்பிக்கிறது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: “மீட்டர் போச்சு சார், செட்டாவே மாத்திடலாம்.”

போனது உண்மையில் முழு மீட்டரா? பல நேரங்களில் இல்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் கடுகளவு சால்டர் ஒன்று விரிசல் விட்டிருக்கும். அல்லது போர்டுக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் ஆடுவதே அதற்கான துப்பு. பெட்ரோல் டேங்கில் இருக்கும் சென்சாரும் இன்ஜினில் இருக்கும் சென்சாரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மின்சாரம் வரும் வழி, எர்த், போர்டு. தேட வேண்டியது அங்கேதான்.

இப்போது ஏன் இது முக்கியம்?

தனியார் காரின் ஆர்சி 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பிறகு தகுதிச் சோதனையில் தேறி ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம். காருக்கான இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. அதைக் கட்டியும் பழைய காரை விடாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். புது கார் வாங்க வசதி இல்லாதவர்கள் ஒருபக்கம், அப்பா வாங்கிய முதல் கார் என்று கொடுக்க மனசு வராதவர்கள் இன்னொரு பக்கம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 117-வது விதி, வண்டியின் வேகத்தை ஓட்டுநருக்குக் காட்டும் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. முள் ‘0’-விலேயே படுத்திருக்கும் காரோடு சோதனைக்குப் போக முடியாது.

சட்டத்தை விட்டுவிட்டாலும் செலவுக் கணக்கு ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன கதையில் முள் வீணாகப் பயமுறுத்தியது. அதற்கு நேர்மாறாக, இன்ஜின் உண்மையிலேயே கொதிக்கும்போது முள் ‘எல்லாம் நலம்’ என்று நடுவிலேயே நின்றால்? ஹெட் கேஸ்கெட் போகும், சிலிண்டர் ஹெட் வளையும். பழைய காருக்கு அந்த வேலையைச் செய்வதா, காரையே எடைக்குப் போடுவதா என்று யோசிக்க வைக்கும் பில் அது. கெட்டுப்போன கேஜ் சின்ன விஷயமாகத் தெரியலாம். அதை நம்பித்தான் இன்ஜின் ஓடுகிறது.

முள்ளை நகர்த்துவது யார்?

டேஷ்போர்டில் தெரியும் முள்ளுக்குப் பின்னால் மூன்று தலைமுறைத் தொழில்நுட்பம் இருக்கிறது. எந்தத் தலைமுறை என்று தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

முதலாவது, அம்பாசிடர், பத்மினி காலத்துக் கார்களில் பரவலாக இருந்த வகை. ஸ்பீடோமீட்டரில் எலெக்ட்ரானிக்ஸே கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதை ஒட்டியிருக்கும் அலுமினியக் கிண்ணம் காந்தத்தின் பின்னாலேயே சுழலப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து இழுக்கும். இரண்டும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். பெட்ரோல், டெம்பரேச்சர் முட்களில் பல, இரட்டை உலோகப் பட்டையால் இயங்கின. பட்டையைச் சுற்றியுள்ள கம்பியில் மின்சாரம் ஓட, பட்டை சூடாகி வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். சாவி போட்டதும் பெட்ரோல் முள் சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த வகைதான். இந்த கேஜ்களுக்கு பேட்டரியின் ஏற்ற இறக்கம் ஆகாது என்பதால் குட்டி வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்றையும் சேர்த்து வைத்திருப்பார்கள். அது செத்தால் இரண்டு முள்ளும் சேர்ந்து சாகும். அது ஒட்டிக்கொண்டு முழு வோல்டேஜையும் விட்டால் இரண்டும் சேர்ந்து உச்சிக்குப் போகும்.

இரண்டாவது வகை ‘ஏர் கோர்’. ஒன்றுக்கொன்று குறுக்காகச் சுற்றிய இரண்டு காயில்கள், நடுவில் முள்ளோடு இணைந்த சின்னக் காந்தம். எந்தக் காயிலில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அதற்கேற்பக் காந்தம் திரும்பும். முள் துள்ளாமலிருக்க உள்ளே கெட்டியான சிலிக்கான் எண்ணெய் விட்டிருப்பார்கள். வயதாகி அது கசிந்துவிட்டால் முள் நடுங்க ஆரம்பிக்கும். போர்டு மேல் பழி போடுவதற்கு முன் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, 2000-களில் பரவிய ஸ்டெப்பர் மோட்டார். கட்டைவிரல் நுனியளவு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இரண்டு காயில்கள், ஒரு காந்தம், சில பற்சக்கரங்கள். போர்டில் இருக்கும் மைக்ரோ கன்ட்ரோலர் ‘ஒரு படி நகர், இன்னொரு படி நகர்’ என்று துடிப்புகளாகக் கட்டளை கொடுக்கும். உலகம் முழுக்கப் புழங்கும் எக்ஸ்27 ரக மோட்டாரில் ஒரு படிக்கு முள் நகர்வது ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மொத்தம் 315 டிகிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முள் இப்போது எங்கே இருக்கிறது என்று மைக்ரோ கன்ட்ரோலருக்கு உண்மையில் தெரியாது. எத்தனை படி நகரச் சொன்னோம் என்ற கணக்குதான் தெரியும். சால்டர் விட்டுப்போய் நடுவில் நாலு படி தவறினால், கணக்கு ஒன்று, முள் நிற்கும் இடம் வேறொன்று. கார் வீட்டு வாசலில் நிற்கும்போதே ஸ்பீடோமீட்டர் 20 காட்டுவது இப்படித்தான். சாவி போட்டதும் சில கார்களில் முட்கள் பூஜ்ஜியத்தில் போய் மோதிக்கொள்வது அழகுக்காக இல்லை. கணக்கை முதலிலிருந்து தொடங்குவதற்காக.

இந்த மோட்டார்கள் கூட்டமாகக் கெட்டுப்போன கதையும் இருக்கிறது. 2003-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்அப், எஸ்யுவி மாடல்கள் பலவற்றில் ஸ்பீடோமீட்டர் முட்கள் கண்டபடி காட்டத் தொடங்கின. விவகாரம் நீதிமன்றம் வரை போய், குறிப்பிட்ட மாடல்களுக்கு 7 ஆண்டுகள் அல்லது 70,000 மைல் வரை சிறப்பு உத்தரவாதம் தருவதில் முடிந்தது. அதற்குள் மாட்டாதவர்கள் என்ன செய்தார்கள்? ஆறு குட்டி மோட்டார்களை வாங்கி, வீட்டு மேஜையில் தாங்களே சால்டர் செய்து மாட்டினார்கள். உலகம் முழுக்க மீட்டர் ரிப்பேரை ஒரு தனித்தொழிலாகப் பலருக்கு அறிமுகப்படுத்தியதில் அந்த வண்டிகளுக்கும் பங்கு உண்டு.

வில்லன்: வெயில்

சரி, போர்டு ஏன் கெடுகிறது? ஈரம், அதிர்வு, வயது என்று காரணங்கள் பல. நம் ஊரில் முதல் பெயர் வெயில்தான். மே மாதம் வெட்டவெளியில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். கதவைத் திறந்து ஏசியை முழுசாகப் போட்டால் சில நிமிடங்களில் அந்தச் சூடு மளமளவென்று இறங்கும். மாலையில் மறுபடி ஏறும். இதை நாளுக்கு இரண்டு முறை, பதினைந்து வருடத்துக்குச் செய்து பாருங்கள்.

சூட்டில் எல்லாப் பொருளும் விரியும். ஆனால் ஒரே அளவுக்கு விரியாது. போர்டின் கண்ணாடி இழைப் பலகை ஒரு அளவு, கனெக்டரின் உலோகக் கால் ஒரு அளவு, அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இன்னொரு அளவு. இவை மூன்றையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கடுகளவு சால்டர்தான். ஒவ்வொரு முறையும் இழுபட்டு, தளர்ந்து, கடைசியில் காலைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு மெல்லிய விரிசல் விழும். மெக்கானிக்குகள் ‘ட்ரை சால்டர்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

விரிசல் விட்ட இடம் முழுசாகப் பிரிவதில்லை. தொட்டும் தொடாமலும் இருக்கும். அதனால்தான் பள்ளத்தில் கார் இறங்கும்போது முள் விழுகிறது, டேஷ்போர்டைத் தட்டினால் எழுகிறது. காலையில் வேலை செய்யாத மீட்டர் மதிய வெயிலில் வேலை செய்கிறது. “தட்டினா சரியாயிடும்” என்பது கேலிக்குரிய வைத்தியம் என்றாலும், நோயைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சோதனை இல்லை. தட்டியதும் மாறுகிறது என்றால், எங்கோ தொடர்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். சிப் செத்திருந்தால் தட்டி எழுப்ப முடியாது.

விரிசல் எங்கும் விழலாம். ஆனால் அதற்குப் பிடித்த இடங்கள் உண்டு. பின்பக்க கனெக்டரின் கால்கள், சூடாகும் வோல்டேஜ் ரெகுலேட்டர், கனமான காயில்கள், ஸ்டெப்பர் மோட்டாரின் நான்கு கால்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கனெக்டர் கால்களுக்கு ஆயுள் குறைகிறது. மியூசிக் சிஸ்டம் மாட்டப் போய் மீட்டர் போன கதைகளின் ரகசியம் இதுவாகவும் இருக்கலாம்.

அடுத்தது கெப்பாசிட்டர். டப்பா வடிவ எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் திரவம் இருக்கிறது. அது மெல்ல வற்றும். 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிப்பிட்ட கெப்பாசிட்டர், 45 டிகிரியில் 1,28,000 மணி நேரம் தாங்க வேண்டும். வருடத்தில் சொன்னால் பதினான்கரை. பழைய காரின் வயதை ஒட்டி இந்த எண் வருவது கவனிக்க வேண்டியது. தலை உப்பியிருந்தாலோ, அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ அதை மாற்றிவிட வேண்டியதுதான். கசிந்த திரவம் பக்கத்தில் இருக்கும் செப்புத் தடங்களையும் அரிக்கும்.

இன்னும் பழைய கார்களில் கெட்டியான போர்டே இருக்காது. மீட்டர் பின்னால் செப்புத் தடம் பதித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் பரப்பியிருப்பார்கள். பல்புகளைத் திருகி மாட்டும் ஹோல்டர்களும், கேஜ்களின் நட்டுகளும் அந்தத் தாளை அழுத்திப் பிடித்துத்தான் மின்சாரம் ஓடும். இதில் பாதிப் பிரச்சினை நட்டு தளர்ந்ததுதான். கழற்றி, தொடும் இடத்தை நல்ல அழிப்பானால் தேய்த்து, அளவாக இறுக்கினால் தீர்ந்தது. அந்தத் தாளில் மட்டும் சூடான சால்டரிங் அயர்னை வைத்துவிடக் கூடாது. சுருங்கிப் போய்விடும்.

டிஜிட்டல் ஓடோமீட்டரில் கோடு கோடாக எண்கள் மறைவது தனி வியாதி. எல்சிடி கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டையோ, ரிப்பன் கேபிளோ பிடிப்பு விடுவதால் வருவது அது. பிஎம்டபிள்யூவின் 1990-களின் பிற்பகுதி மாடல்கள் சிலவற்றில் இது உலகப் பிரசித்தம்.

சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் பல, காய வைத்து மறுபடி சாலைக்கு வந்தன. போர்டு வரை தண்ணீர் ஏறியிருந்தால் கனெக்டர் கால்களில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவலாம். அதற்குமுன் எல்சிடியையும் மோட்டார்களையும் தனியே எடுத்துவிட வேண்டும்.

முதலில் மீட்டரைத் தொடாதீர்கள்

இது கொஞ்சம் முரணாகத் தோன்றலாம். மீட்டர் ரிப்பேரில் நல்ல கை உள்ளவர்கள் மீட்டரைக் கடைசியில்தான் கழற்றுவார்கள்.

முதலில் ஃபியூஸ். அடுத்து பேட்டரி வோல்டேஜ். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் மேல் சந்தேகம். அதைச் சரிசெய்யாமல் போர்டை மட்டும் சரிசெய்தால் மறுபடி போகும். மூன்றாவது எர்த். மீட்டருக்குப் போகும் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவே, சாவியும் ஹெட்லைட்டும் போட்ட நிலையில் மல்டிமீட்டரை வோல்ட் அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் வர வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த்தில் துரு. ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் இறங்குகிறது என்று புகார் சொல்பவர்களுக்கு இது பொருந்தும்.

அதன்பிறகு சென்சார். டேங்க்குக்குள் இருக்கும் ஃப்ளோட் ஏறி இறங்க, ஒரு தடையின் அளவு மாறும். இன்ஜினின் டெம்பரேச்சர் சென்சாரில் சூடு ஏற ஏறத் தடை குறையும். பழைய வகை கார்கள் பலவற்றில் சென்சார் ஒயரைக் கழற்றி, சாவி போட்டு, ஒரு சின்ன பல்ப் வழியாக அதை பாடியில் தொட்டால் முள் மேலே ஏறும். ஏறினால் மீட்டரும் ஒயரும் நலம், குற்றவாளி சென்சார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2010-க்குப் பிறகு வந்த கார்களில் இன்னும் எளிய வழி இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி போர்ட் இருக்கும். ப்ளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகினால் கூலன்ட் சூட்டை இன்ஜின் கம்ப்யூட்டர் எவ்வளவு என்று படிக்கிறது என்பது மொபைலிலேயே தெரியும். போனில் 90, முள்ளில் ‘ஹெச்’ என்றால் இன்ஜின் பாவம், மீட்டர்தான் பொய் சொல்கிறது. இரண்டுமே 115 என்று சொன்னால் மீட்டரைக் குறை சொல்லாமல் உடனே வண்டியை நிறுத்துங்கள்.

கத்தி வைக்கும் நேரம்

இதெல்லாம் சரியாக இருந்தும் முள் ஆடினால், போர்டைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். கழற்றுவதற்கு முன் ஓடோமீட்டர் எண்ணை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

போர்டை எடுக்க, பெரும்பாலான மீட்டர்களில் முதலில் முட்களைப் பிடுங்க வேண்டும். மொத்த வேலையிலும் கை நடுங்க வேண்டிய இடம் இதுதான். முள் நிற்கும் இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, டயலில் கீறல் விழாதபடி அட்டை வைத்து, இரண்டு டீஸ்பூன்களை இருபுறமும் கொடுத்து நேர் மேலாக நெம்புவார்கள். பக்கவாட்டில் திருகினால் ஊசி போன்ற தண்டு உடையும். உடைந்தால் மோட்டாரையே மாற்ற வேண்டும்.

போர்டு கைக்கு வந்ததும் தேவை நல்ல வெளிச்சமும் பூதக்கண்ணாடியும். கனெக்டர் கால்களைச் சற்றே அசைத்துக்கொண்டே பார்த்தால் மோதிர விரிசல் தெரியும். அதன் மேலேயே புது ஈயத்தைக் கொட்டுவது அவசர வைத்தியம். ஃப்ளக்ஸ் தடவி, பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு, காலைச் சுத்தம் செய்து, புதிதாகப் பற்றவைப்பதுதான் முறை. வெள்ளீயமும் காரீயமும் 63:37 விகிதத்தில் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத வகைக்கு 217 டிகிரி வரை போக வேண்டும். போர்டில் முன்பு எந்த வகை இருந்ததோ அதையே பயன்படுத்துவது பாதுகாப்பு. ரொம்ப நேரம் சூடு காட்டினால் போர்டிலிருந்து செப்புத் தடமே உரிந்து வரும். மூன்று நான்கு விநாடிக்குள் ஒரு காலை முடிக்கத் தெரியாதவர்கள், முதலில் பழைய ரேடியோ போர்டு ஒன்றில் பழகிவிட்டு வரலாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காரீயம் உடம்புக்கு ஆகாது.

ஸ்டெப்பர் மோட்டார் மேல் சந்தேகம் என்றால் காயில் தடையை அளக்கலாம். எக்ஸ்27 ரகத்தில் ஒவ்வொரு காயிலும் சுமார் 280 ஓம் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. இரண்டும் சரியாக இருந்து முள் திக்கித் திக்கி நகர்ந்தால் உள்ளே பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். ஒரு முழு செட்டின் விலையோடு பார்த்தால், மோட்டாரும் சால்டரும் டீக்காசு. கூலி கொடுப்பது கைக்கும் கண்ணுக்கும்தான்.

சென்னையில் இந்தக் கைகளைத் தேடிப் போகிறவர்கள் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரிச்சி தெருவுக்குத்தான் முதலில் போகிறார்கள். ஐசி, கெப்பாசிட்டர், சால்டர் எல்லாம் கிடைக்கும் இடம் அது. ஆனால் எந்தத் திறமைசாலிக்கும் ஒரு தடை உண்டு. காரின் ஒயரிங் வரைபடம் தேடினால் கிடைக்கும், மீட்டர் போர்டின் சர்க்யூட் வரைபடம் பொதுவாகக் கிடைக்காது. கம்பெனியைப் பொறுத்தவரை மீட்டர் என்பது ஒரே பாகம், கெட்டால் மாற்ற வேண்டியது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியபோது அதில் ஆட்டோமொபைலையும் ஒரு துறையாகச் சேர்த்தது. அதனால் ரிச்சி தெருவில் மேஜைமேல் கிடக்கும் போர்டுக்கு வரைபடம் வந்துவிடவில்லை. அங்கே இன்றும் தடம் தடமாகப் பின்தொடர்ந்துதான் தவறைப் பிடிக்கிறார்கள்.

புதுப்பேட்டையில் ஒரு செட் வாங்கிப் போட்டால் என்ன?

போடலாம். மலிவாகவும் முடியலாம். ஆனால் வில்லங்கமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மீட்டர்கள் உள்ளே வேறாக இருக்கும். டீசல் மாடலின் மீட்டரைப் பெட்ரோல் காரில் போட்டால் ஆர்பிஎம் தவறாகக் காட்டலாம். டேங்க் வடிவமோ ஃப்ளோட்டின் தடை அளவோ வேறாக இருந்தால் பாதி டேங்க்குக்கு ‘ஃபுல்’ காட்டும். பழைய தலைமுறை ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள் பலவற்றில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரின் தகவலே மீட்டருக்குள் இருக்கிறது. வேறு மீட்டரை மாட்டினால் கார் ஸ்டார்ட் ஆகி, ஓரிரு விநாடியில் அணைந்துவிடும். பிறகு காரை டோ பண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அடுத்தது கிலோமீட்டர். டிஜிட்டல் ஓடோமீட்டர் எண், போர்டில் இருக்கும் எட்டுக் கால் மெமரி சிப் ஒன்றில் பதிந்திருக்கும். 93சி46, 24சி02 மாதிரியான பெயர்கள் அதன்மேல் எழுதியிருக்கும். வேறு காரின் மீட்டரை மாட்டினால் அந்தக் காரின் கிலோமீட்டரும் சேர்ந்தே வருகிறது. நேர்மையான ரிப்பேர்காரர் உங்கள் பழைய சிப்பின் தகவலைப் படித்து, புது மீட்டரில் அதே எண்ணை எழுதிக் கொடுப்பார். அதே கருவியை வைத்து, அதே மேஜையில், 1,60,000-ஐ 60,000 என்றும் எழுதிவிடலாம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிற குடும்பத்தின் தலையில்தான் அது கடைசியில் விழுகிறது. டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பதே தெரியாமல் ஓட்டி, இன்ஜினைத் தொலைக்கிறார்கள். அப்படிக் குறைத்து எழுதி விற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு சொல்லும் மோசடிக்குள் வரக்கூடிய செயல்.

ஆக, முதலில் எடுத்த அந்தப் போட்டோ எதற்கென்று இப்போது புரிந்திருக்கும். பழைய எண், புதிய எண், தேதி மூன்றையும் பில்லில் எழுதி வாங்கி ஆர்சியோடு வைத்துக்கொண்டால், நாளை கார் விற்கும்போது உங்கள் மேல் சந்தேகம் வராது. போர்டில் எந்த வேலை தொடங்கும் முன்னும் மெமரி சிப்பின் தகவலை நகல் எடுத்து வைக்கிறாரா என்று ரிப்பேர்காரரிடம் கேட்பதும் தப்பில்லை. அந்தக் கேள்விக்கு முழிப்பவரிடம் மீட்டரைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடலாம்.

சரி செய்தாயிற்று, நம்பலாமா?

மீட்டரை முழுசாகப் பூட்டுவதற்கு முன் கனெக்டரை மட்டும் மாட்டி அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். சிலர் ஹேர் ட்ரையரால் போர்டை மிதமாகச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கிப் பார்க்கிறார்கள். பதினைந்து வருட வெயிலின் சின்ன ஒத்திகை. பென்சிலின் மழுங்கிய முனையால் மெல்லத் தட்டும்போதும் முள் அசையாமல் நின்றால் ஸ்க்ரூவை இறுக்கலாம்.

ஸ்பீடோமீட்டருக்குக் கடைசி சோதனை சாலையில். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்கச் சொல்லி, காலியான நேர்ச் சாலையில் ஒரே வேகத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முள்ளில் 80, போனில் 75 என்று வந்தால் பதற வேண்டாம். ஸ்பீடோமீட்டருக்கான ஐ.நா. விதிமுறை எண் 39, முள் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்ட ஓரளவு அனுமதி உண்டு. அதனால் பல கம்பெனிகள் வேண்டுமென்றே முள்ளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைக்கின்றன. முள்ளில் 75, போனில் 80 என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். முதலில் டயரைப் பாருங்கள். கம்பெனி கொடுத்த அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால் இப்படித்தான் காட்டும். டயர் சரியான அளவில் இருந்தால் முள்ளைத் திரும்ப மாட்டியதில் தப்பு. மீட்டரை மறுபடி கழற்றி, அந்த இரண்டு டீஸ்பூன்களை எடுக்க வேண்டியதுதான்.